ஏழு கம்ப்யூட்டருக்கும் தாட்சாயிணியின் பெயர்

அம்பத்தூர் குற்றவியல் நடுவர் முன்பு 10.04.1996 புதன்கிழமை முற்பகல் 11.10 மணிக்குப் பதிவு செய்யப்பட்டது. வாக்குமூலம் கொடுப்பவர் தாமாக மனுக் கொடுத்து வந்தவர். போலீசார் எவரும் அறையில் இல்லை. இவர் சொல்வது இவருக்கு எதிராகவே பயன்படலாம் என்பதும், ஒன்றும் சொல்லாமல் எழுந்து போக இவருக்கு உரிமை உண்டு என்பதும் விளக்கப்பட்டது. யோசிக்க அரைமணி நேரம் கொடுத்ததற்கு, "யோசிச்சிட்டுத்தான் ஐயா வந்திருக்கேன், எழுதிக்கங்க" என்றார். இயன்றவரை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதப்பட்டது.

என் பெயர் இக்னேஷியஸ். தகப்பனார் பெயர் சவரிமுத்து. வயது 43. திருமுல்லைவாயில், சோழம்பேடு சாலை, கதவு எண் 17-இல் மனைவி ஜெயகுமாரியுடனும் இரண்டு பெண் பிள்ளைகளுடனும் குடியிருக்கிறேன். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மயிலவன் ஹீட் ட்ரீட்மென்ட் கம்பெனியில் பதினெட்டு வருடமாக வேலை செய்கிறேன். சேரும்போது எலக்ட்ரீஷியன். 1991 முதல் கம்ப்யூட்டர் பொறுப்பும் என்னிடம்தான். இதற்காக நான் காலேஜ் போனவனில்லை, பழைய புத்தகம் வாங்கிப் படித்து நானாகக் கற்றுக்கொண்டேன். அதில் எனக்குக் கர்வம் ஜாஸ்தி. பின்னால் நடந்ததற்கு அந்தக் கர்வமும் ஒரு காரணம் என்பதால் அதையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

இந்த வழக்கில் கைதாகிச் சிறையில் இருக்கும் தாட்சாயிணியை எனக்கு நான்கு வருடமாகத் தெரியும். வயது 26. ஊர் நூம்பல். எங்கள் கம்பெனியில் டெஸ்பாட்ச் பிரிவில் டைப் அடிக்கும் வேலை. நூம்பலிலிருந்து வேலப்பன்சாவடிக்கு நடந்து வந்து, பஸ் பிடித்து, எல்லாருக்கும் முன்னால் காலை ஏழேகாலுக்கு வந்துவிடும். பளு தூக்கியில் மாட்டும் பின் என்கிற இரும்புப் பாகத்துக்கான கார்டை வேண்டுமென்றே மாற்றி, அதனால் சுலைமான் என்கிற ஃபிட்டர் செத்துப்போகக் காரணமாக இருந்ததாக அந்தப் பெண்மீது வழக்கு. அந்தப் பெண் எந்தக் கார்டையும் மாற்றவில்லை. மாற்றியது நான் எழுதின புரோகிராம். அது எப்படி என்பதை ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன்.

எங்களிடம் மற்ற கம்பெனிகளிலிருந்து இரும்புப் பாகங்கள் வரும். அவற்றை உலையில் நன்றாகச் சூடாக்கி, எண்ணெயில் முக்கி, அதன்பிறகு மறுபடி குறைந்த சூட்டில் வைத்து எடுப்போம். இந்த இரண்டாவது சூட்டுக்கு டெம்பரிங் என்று பெயர். அது எத்தனை டிகிரி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. டெம்பரிங் சூடு குறைவாக வைத்தால் இரும்பு ரொம்பக் கடினமாக இருக்கும், ஆனால் அடி விழுந்தால் கண்ணாடி வளையல் மாதிரி உடைந்துவிடும். ஒவ்வொரு பாகத்துக்கும் நம்பர் போட்டு ஒரு கார்டு உண்டு. எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம், முடிந்தபின் கடினம் எவ்வளவு இருக்க வேண்டும் என்கிற எண்கள் மட்டும் அதில் இருக்கும். பாகத்தின் பெயர் இருக்காது. 1991-க்கு முன் இது நிஜமான அட்டை. அதன்பிறகு எல்லாக் கார்டையும் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டோம், கார்டு என்கிற பெயர் மட்டும் அப்படியே நிலைத்துவிட்டது.

கார்டுகள் எல்லாம் சர்வர் என்கிற ஒரு பெரிய கம்ப்யூட்டரில் இருக்கின்றன. மற்ற கம்ப்யூட்டர்கள் ஒரு பெயரும் ரகசியச் சொல்லும் கொடுத்து அதோடு இணைந்தால்தான் கார்டைத் திறக்க முடியும். எங்கள் சர்வர் ஒரே நேரத்தில் ஐந்து இணைப்புகளைத்தான் ஏற்கும். ஆறாவதாக ஒருத்தர் வந்தால் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிடும். மேனேஜர், ஸ்டோர்ஸ், லேப், டெஸ்பாட்ச், நான் என்று ஐந்தும் நிரம்பியிருந்தது. 1994 டிசம்பரில் மேனேஜர் மணவாளன் எங்கிருந்தோ ஏழு பழைய கம்ப்யூட்டர்களைக் கொண்டுவந்து இறக்கினார். உலைப்பிரிவில் ஏழு வரிசை, வரிசைக்கு ஒன்று. "ஏழும் சர்வரோட பேசணும் இக்னேஷியஸ். ஆனா புதுசா எதுவும் வாங்கறதா இல்ல. நீதான் கில்லாடியாச்சே, எதனா பண்ணு" என்றார். கில்லாடி என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு பொங்கலுக்குள் ஒரு புரோகிராம் எழுதி முடித்தேன். அதற்கு கண்டக்டர் என்று பெயர் வைத்தேன். அது ஆபீஸில் ஒரு கம்ப்யூட்டரில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும். உலைப்பிரிவுக்காகச் சர்வரோடு பேசுவது அது ஒன்றுதான். உலைப்பிரிவின் ஏழு கம்ப்யூட்டரும் சர்வரிடம் போகாமல் கண்டக்டரிடம் கேட்கும். கண்டக்டர் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட் நம்பர் கொடுத்து, யாருக்கு எந்தக் கார்டு என்று குறித்துக்கொண்டு, ஒரே இணைப்பின் வழியாகச் சர்வரிடம் வாங்கிக் கொடுக்கும், அவர்கள் எழுதினதைச் சர்வரில் கொண்டுபோய் வைக்கும். சர்வருக்கு இந்த ஏழு பேர் இருப்பதே தெரியாது. கண்டக்டர் எந்தப் பெயரில் இணைந்திருக்கிறதோ, அந்த ஒரு ஆள்தான் எல்லாம் செய்வதாக அது எழுதி வைக்கும்.

அந்தப் பெயர் யாருடையது என்பது கேள்வியானது. என் பெயரில் வைத்திருக்கலாம். என் கம்ப்யூட்டரை நான் அடிக்கடி பிரித்துப் போடுவேன், அணைந்தால் ஏழு வரிசையும் நின்றுவிடும் என்பதால் வைக்கவில்லை. ஸ்டோர்ஸில் கேட்டேன். "எவனோ எதையோ மாத்துவான், என் பேர் வரும். ஆள விடுப்பா" என்று சொல்லிவிட்டார்கள். லேபிலும் அதே பதில். அதன்பிறகு தாட்சாயிணியிடம் கேட்டேன். அது எதற்கு என்று கேட்கவில்லை. "சரிங்க சார், பாஸ்வேர்டு எழுதித் தரட்டுமா, நானே தெனம் போடட்டுமா" என்றுதான் கேட்டது. நீயே போடு என்றேன். 1995 ஜனவரியிலிருந்து தினம் காலை ஏழேகாலுக்கு வந்து, தன் பெயரைப் போட்டு, கண்டக்டரை ஓட விட்டுவிட்டு, அதே கம்ப்யூட்டரில் தன் டெஸ்பாட்ச் வேலையையும் பார்த்துவந்தது. ஸ்டோர்ஸ்காரர்கள் கேட்ட கேள்வி எனக்கு அன்றைக்கே புரிந்ததுதான். அவர்கள் முடியாது என்றதும், கேட்காத ஆளாகப் பார்த்துப் பிடித்தேன். இதை மறைப்பதற்கில்லை.

இப்போது மெயின் ஸ்விட்ச் விஷயம். எங்கள் உலைப்பிரிவில் பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டுச் சங்கு ஊதும். ஊதினதும் வரிசைக்கு ஒரு ஆள் தன் வரிசையின் மெயினை இறக்கிவிட்டுத்தான் சாப்பிடப் போக வேண்டும். உலைகளுக்குத் தனி லைன், அது அணையாது. மோட்டார், ஃபேன், விளக்கு எல்லாம் அணைந்துவிடும். 1983-இல் சாப்பாட்டு நேரத்தில் ஓடிக்கொண்டிருந்த மோட்டாரில் ஒருத்தருக்குக் கை போனதிலிருந்து இந்தப் பழக்கம். அதைக் கட்டாயமாக்கி எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தவன் நான். ஏழு கம்ப்யூட்டர் வந்தபோது அவற்றையும் அதே மெயினில் இணைத்தவனும் நான்தான். தனி லைன் இழுக்கச் சோம்பல்பட்டேன்.

கம்ப்யூட்டரை மோட்டார் மாதிரி அணைக்கக் கூடாது. திறந்த கார்டை மூடி, புரோகிராமிலிருந்து வெளியே வந்து, அதன்பிறகுதான் அணைக்க வேண்டும். இப்படி நோட்டீஸ் எழுதி ஏழு இடத்தில் ஒட்டினேன். ஒருத்தரும் படிக்கவில்லை. சங்கு ஊதும், மெயின் இறங்கும், கம்ப்யூட்டர் செத்துவிடும். நான் கண்டபடி கத்துவேன். இரண்டாம் வரிசை ஆபரேட்டர் ஜானகிராமன் சிரித்துக்கொண்டே, "சங்கு ஊதினா மெய்ன இறக்கணும், கைய காப்பாத்திக்கணும். கத்துக் குடுத்ததே நீதான அண்ணாத்தே. இப்ப ஊதினா இறக்காதன்றியே" என்பார்.

திட்டி ஆகாது என்று தெரிந்ததும் கண்டக்டரிலேயே ஒரு ஏற்பாடு செய்தேன். ஒரு சீட்டிலிருந்து பத்து நிமிஷம் சத்தமே வராவிட்டால், அந்த ஆள் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டு சீட்டைக் காலி செய்துவிடும். அடுத்து வருகிறவருக்கு அந்தச் சீட்டைக் கொடுக்கும். இதில்தான் என் தப்பு இருக்கிறது. எழுத்தர் இந்த இடத்தில் கம்ப்யூட்டர் கோளாறு என்று எழுதினார். அதை அடித்துவிடச் சொல்கிறேன். கம்ப்யூட்டருக்கு ஒரு கோளாறும் இல்லை, நான் சொன்னதை அது அப்படியே செய்தது.

(தப்பு என்ன என்று விளக்கும்படி கேட்டதற்குச் சொல்வது.) பஸ்ஸில் ஒருத்தர் பையைச் சீட்டுக்கடியில் வைத்துவிட்டுச் சொல்லாமல் இறங்கிவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள் ஐயா. கண்டக்டர் சீட்டைக் காலி என்று குறித்துவிட்டார், பையை எடுக்கவில்லை. அடுத்து வந்து உட்கார்ந்தவர் ஒரு சாமானைக் கொடுத்து என் பையில் போடு என்கிறார். கண்டக்டர் குனிந்து பார்க்கிறார், சீட்டுக்கடியில் ஒரு பை இருக்கிறது, அதில் போட்டுவிடுகிறார். நான் சீட்டைக் காலி செய்தேனே தவிர, பழைய ஆள் திறந்துவைத்த கார்டை மூடவில்லை. சர்வரில் ஒரு கார்டைத் திறக்க நேரம் பிடிக்கும். அதனால் ஒரு சீட்டில் ஏற்கெனவே கார்டு திறந்திருந்தால் எழுதும்போது மறுபடி திறக்காமல் அதிலேயே எழுதும்படி செய்திருந்தேன். வேகத்துக்காகச் செய்தது. ஏழு கம்ப்யூட்டர் சேர்ந்தும் ஸ்பீடு குறையவில்லையே என்று மணவாளன் வெளியாட்களிடம் என்னைக் காட்டிப் பேசுவார். எனக்கும் அது நன்றாக இருந்தது.

13.02.1996 அன்று தாட்சாயிணி அண்ணன் மகளுக்குக் காது குத்து என்று இரண்டு நாள் லீவு கேட்டது. மணவாளன் கொடுக்கவில்லை. அந்தப் பெண் அழுதுகொண்டே, "நாலு வருசத்துல ஒரு லீவு கேட்டேன் சார், நல்லா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனது. அதைப் பத்துப் பேர் கேட்டோம். அந்தச் சொல்லைத்தான் பின்னால் வஞ்சம் என்று போலீசில் சொன்னார்கள்.

மறுநாள் 14.02.1996 பன்னிரண்டரைக்கு முன்னால் ஜானகிராமன் 614-ஆம் நம்பர் கார்டைத் திருத்தத் திறந்து வைத்திருந்தார். அது ஹாய்ஸ்ட் என்கிற பளு தூக்கியில் மாட்டும் பின்னுக்கான கார்டு. டெம்பரிங் 560 டிகிரி. சங்கு ஊதியது. அவர் எதையும் மூடாமல் மெயினை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போனார். பத்து நிமிஷம் கழித்துக் கண்டக்டர் சீட்டைக் காலி செய்தது, 614 மட்டும் திறந்தபடியே இருந்தது. ஒரு மணிக்கு எல்லா வரிசையிலும் மெயினை ஏற்றினார்கள். வந்த வரிசைப்படி சீட் கொடுத்ததில், ஜானகிராமனின் பழைய சீட்டு பல்சக்கரம் செய்யும் ஐந்தாம் வரிசைக்குப் போனது. அவர்கள் 641-ஆம் கார்டைக் கேட்டார்கள். அதைச் சரியாகப் படித்துத் திரையில் காட்டியது. அதில் டெம்பரிங் 180 டிகிரி, பல்சக்கரத்துக்கு அதுதான் சரி. நிமிஷக் கணக்கை மட்டும் திருத்திச் சேமித்தார்கள். அவர்கள்மேல் ஒரு குற்றமும் இல்லை. கண்டக்டர் அந்த எண்கள் அத்தனையையும் திறந்திருந்த 614-இல் கொண்டுபோய் எழுதிவிட்டது. அப்போது மணி 1.06. எழுதியவர் தாட்சாயிணி என்று சர்வர் குறித்துக்கொண்டது.

அந்த நேரம் ஆபீஸில் தாட்சாயிணி மட்டும்தான் இருந்தது. தன் டப்பாவைத் திறந்து சீட்டிலேயே சாப்பிடும், கண்டக்டர் நிற்கக் கூடாது என்று நான் சொல்லியிருந்ததால் எழுந்து போகாது.

16.02.1996 அன்று 614-ஆம் கார்டின்படி நாற்பது பின்கள் போட்டார்கள். கார்டில் 180 என்று இருந்தது, 180 வைத்தார்கள். லேபில் கடினம் சோதித்தார்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்கிற எண்ணும் அதே கார்டில் மாறிப்போயிருந்ததால் சரியாக இருக்கிறது என்று சான்று கொடுத்தார்கள். பெயர் இருந்திருந்தால் யாராவது ஒருத்தர் கண்டுபிடித்திருப்பார்கள். கார்டில் பெயர் வேண்டாம், இடம் அடைக்கும் என்று 1991-இல் சொன்னவனும் நான்தான்.

அதன்பிறகு 11.03.1996 திங்கட்கிழமை காலை பத்து மணி சுமாருக்கு ஆவடிப் பக்கம் ஒரு தனியார் பட்டறையில் அந்தப் பின்களில் ஒன்று உடைந்து, தூக்கிய இரும்புத் தகடு கீழே நின்ற ஃபிட்டர் சுலைமான்மேல் விழுந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது 34. மனைவியும் மூன்று பிள்ளைகளும் இருக்கிறார்கள். 18.03.1996 அன்று போலீசார் உடைந்த பின்னை எங்கள் கம்பெனிக்குக் கொண்டுவந்து மேனேஜர் மேஜைமேல் வைத்தார்கள். உடைந்த இடம் சர்க்கரை மாதிரி மினுமினுவென்று இருந்தது. பதினெட்டு வருடம் உலைப்பிரிவில் இருந்தவனுக்கு வேறு சோதனை வேண்டாம். டெம்பரிங் பிசகியிருக்கிறது என்று பார்த்த உடனே தெரிந்துகொண்டேன்.

போலீசார் கேட்டபடி சர்வரின் பதிவை நான்தான் அச்செடுத்துக் கொடுத்தேன். 614-ஐக் கடைசியாக மாற்றியவர் தாட்சாயிணி என்று இருந்தது. மணவாளன் லீவு விஷயத்தைச் சொன்னார். 20.03.1996 மதியம் அந்தப் பெண்ணை ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது என்னைப் பார்த்து, "சார், கண்டக்டர நிறுத்தல, ஓடிக்கினுதான் கீது. நாளைக்கு யாரு பாஸ்வேர்டு போடுவாங்க" என்று கேட்டது.

21.03.1996 அன்று போலீசில் என் முதல் வாக்குமூலம் வாங்கினார்கள். அதற்கு முன்னால் மணவாளன் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எவ்ளோ கேக்குறாங்களோ அவ்ளோ சொல்லு. உன் கண்டக்டர் பேச்ச எடுக்காத. ஐஞ்சு இணைப்புல பன்னெண்டு ஓட்டுறோம்னு வெளிய தெரிய வேணாம்" என்றார். சர்வரில் இருக்கும் பெயர் யாருடையது என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். மாற்றியவர் பெயர்தான் என்று சொன்னேன். வேறு யாராவது அந்தப் பெயரில் நுழைய முடியுமா என்று கேட்டார். ரகசியச் சொல் அந்தப் பெண்ணுக்கு மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன். அது நிஜம்தான். ஆனால் அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். அப்போது என் புரோகிராம் தப்புச் செய்தது எனக்குத் தெரியாது. உலைப்பிரிவில் எவனோ மாற்றியிருக்கிறான், தானாக வெளியே வரும் என்று நினைத்தேன். அந்த முதல் வாக்குமூலத்தை நம்ப வேண்டாம் என்று இதன்மூலம் சொல்கிறேன்.

மறுநாள் அந்தப் பெண்ணின் தாயார் பூங்காவனம் கம்பெனி கேட்டுக்கு வந்து என்னைக் கேட்டு நின்றது. "என் பொண்ணு பொய் சொல்ற ஜாதி இல்ல நைனா. ஆனா மெசினு அதும் பேர சொல்லுதாமே. மெசினு எதுக்கு பொய் சொல்லப்போவுது" என்றது. நான் வக்கீலைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

01.04.1996 அன்று கேன்டீனில் ஜானகிராமன் என் எதிரில் வந்து உட்கார்ந்து, தட்டில் கை வைக்காமல், "அண்ணாத்தே, அந்த 614-அ அன்னிக்கு நான்தான் தெறந்து வச்சினு இருந்தேன். சங்கு ஊதிச்சு, மெய்ன இறக்கிட்டு வந்துட்டேன். நான் எதையும் மாத்தல, சத்தியமா. ஆனா அந்தப் பொண்ணு மாத்திச்சுன்னா எப்படி? நான் தெறந்து வச்சத அது எப்படித் தெறக்கும்?" என்று கேட்டார். ஒருத்தர் திருத்தத் திறந்துவைத்த கார்டை இன்னொருத்தர் திறக்க முடியாது என்று நான்தான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எழுந்து போய்க் கை கழுவினேன். அதன்பிறகு நான்கு நாள் சும்மா இருந்தேன். பயம்தான், வேறு காரணம் இல்லை.

05.04.1996 பெரிய வெள்ளிக்கிழமை. எனக்கு லீவு, கம்பெனிக்கு லீவு இல்லை. கோயிலுக்குப் புறப்பட்ட மனைவியிடம் வேலை இருக்கிறது என்றேன். "இன்னிக்குக்கூடவா? உனக்கு அந்த டப்பாதான் சாமி" என்று திட்டிவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனாள். நான் கம்பெனிக்குப் போய், ஜானகிராமனிடம் சொல்லி, 999 என்று பொய்யாக ஒரு கார்டு உண்டாக்கி அவர் கம்ப்யூட்டரில் திறந்து வைத்தேன். பன்னிரண்டரைக்குச் சங்கு ஊதியது. நானே மெயினை இறக்கினேன். ஒரு மணிக்கு ஏற்றியபின் அந்தப் பழைய சீட் நம்பர் வருகிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து 998 என்று இன்னொரு பொய்க் கார்டைத் திருத்திச் சேமித்தேன். 998 மாறவில்லை. நான் தொடாத 999 மாறியிருந்தது.

அதன்பிறகு சர்வரின் பதிவை எடுத்துப் பார்த்தேன். 05.04.1996, மதியம் 1.09 மணி, கார்டு 999, மாற்றியவர் தாட்சாயிணி என்று இருந்தது. கைதுக்குப் பிறகும் யாரும் பெயரை மாற்றவில்லை. ரகசியச் சொல்லை எடுத்துவிட்டு அதே பெயரிலேயே ஓட்டும்படி 21-ஆம் தேதி செய்திருந்தேன். அந்தப் பெண் சிறைக்குப் போய் அன்றைக்குப் பதினாறாவது நாள். அச்செடுத்த அந்தத் தாளை இத்துடன் கொடுக்கிறேன். ஜானகிராமனும் நானும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். 614 மாதிரியே மாறிப்போன கார்டுகள் வேறு உண்டா என்று சாயங்காலம் வரை தேடியதில் இன்னும் இரண்டு கிடைத்தன. அந்தச் சாமான்கள் வெளியே போகவில்லை. மீதி முப்பத்தொன்பது பின்களைத் திருப்பி எடுத்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. நீதிமன்றம் உடனே விசாரிக்க வேண்டும்.

06.04.1996 காலை தாளை மணவாளனிடம் காட்டினேன். படித்துவிட்டு, "கிழிச்சிப் போடு" என்றார். அந்தப் பெண் உள்ளே இருக்கிறதே என்றேன். "அதுக்கு வக்கீல் வச்சாச்சு. தெரியாம கை பட்டுதுன்னு ஒத்துக்கினா சீக்கிரம் முடிஞ்சிடும். நீ வாயத் தொறந்தா உன்னத்தான் தூக்கி உள்ள வைப்பாங்க. ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வச்சிருக்க" என்றார். எனக்கு வந்த கோபத்தில், "அதுவும் ஒருத்தங்க பெத்த பொண்ணுதான்யா" என்று கத்திவிட்டுக் கண்டக்டரை நிறுத்தினேன். ஏழு வரிசையும் நின்றது. அன்றோடு வேலையிலிருந்து நிறுத்தப்பட்டேன். இன்ஸ்பெக்டரைப் பார்க்கப் போனேன். தேர்தல் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார், பத்து நாள் ஆகும் என்றார்கள். தாட்சாயிணியை 17-ஆம் தேதி ஆஜர்படுத்துகிறார்கள் என்பதால் அதுவரை காத்திருக்க முடியாமல் இங்கே மனுக் கொடுத்தேன்.

மனுக் கொடுப்பதற்கு முதல் நாள், 08.04.1996 திங்கட்கிழமை, பூங்காவனத்துடன் சிறைக்குப் போனேன். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் தாட்சாயிணி வந்து நின்றது. ரொம்ப இளைத்திருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்ததால் நானும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. மெயின், சீட்டு, மூடாத கார்டு எல்லாவற்றையும் சொன்னேன். அது பாதியில் நிறுத்தி, "இருங்க சார். நான் ஒத்துக்கிறேன்னு வக்கீலாண்ட சொல்லிட்டேனே" என்றது. ஏனம்மா என்று கேட்டேன். "பத்தொம்போது நாளா யோசிச்சிகினே கீறேன் சார். அன்னிக்கு இன்னா டைப் அடிச்சேன், சாப்புடும்போது எந்த பட்டன் மேல கை பட்டுச்சுன்னு. சர்வர்ல என் பேரு கீதுன்னு நீங்களே சொன்னீங்களாமே. நீங்க சொன்னா தப்பா இருக்காதுன்னு, நான்தான் பண்ணிட்டு மறந்துட்டேன்னு நெனச்சிட்டேன். அந்த சுலைமான் அண்ணன் பசங்களுக்கு தெனம் வேண்டிக்கினு கீறேன் சார்" என்றது.

அதன்பிறகு வலையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் பண்லயா சார்?" என்று கேட்டது. இல்லம்மா என்றேன். காதில் விழவில்லை போல, மறுபடியும் கேட்டது. மறுபடியும் சொன்னேன். என்னைத் திட்டும் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். தாயாரைப் பார்க்காமல் என்னையே பார்த்து, "இத்த எங்கம்மாவாண்ட நீங்களே சொல்லிடுங்க சார். நான் எத்தினியோ தபா சொல்லிட்டேன், மெசினு சொல்லுதேன்னு அழுவுது" என்றது.

பூங்காவனம் என் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தது. அந்தம்மா பக்கம் திரும்பி, உங்க பொண்ணு அதைத் தொடவே இல்லம்மா, மெசினு சொன்னது பொய், அந்தப் பொய்யைச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான் என்று சொன்னேன். அதையே இன்று நீதிமன்றத்திலும் சொல்கிறேன்.

மேலே எழுதியதை எழுத்தர் நிறுத்தி நிறுத்தி எனக்கு வாசித்துக் காட்டினார். நான் பேசியதற்கும் தாளில் இருப்பதற்கும் வித்தியாசம் இல்லை. யாரும் என்னை மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. எல்லாம் உண்மை.

(ஒப்பம்) ச. இக்னேஷியஸ்

என் முன்னிலையில் கையெழுத்திட்டார். பதிவு முடிந்த நேரம் பிற்பகல் 1.50. இணைப்பு: அச்சிட்ட தாள் ஒன்று.